வாசகரிடம் கேள்வி கேட்ட நூலகம்

2008 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 3,115 பழைய புகைப்படங்களை பிளிக்கர் தளத்தில் ஏற்றியது. உலகின் மிகப் பெரிய நூலகங்களில் ஒன்று, ஊர் உலகமெல்லாம் கல்யாணப் படமும் பூனைக்குட்டிப் படமும் போட்டுக்கொண்டிருந்த ஒரு தளத்தில் போய்க் கணக்குத் தொடங்கியது அப்போது பலருக்கு வேடிக்கையாக இருந்தது. படங்களைக் காட்டுவது மட்டும் நோக்கமல்ல. படத்தில் இருப்பது யார், எந்த இடம், எந்த வருடம் என்று தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று நூலகம் கேட்டது. எல்லாம் தெரிந்த இடம் என்று மக்கள் நினைக்கும் நூலகம், தனக்குத் தெரியாததை ஊரறியச் சொல்லி உதவி கேட்பது அவ்வளவு வழக்கமான காரியம் இல்லை.

சமூக வலைத்தளங்களை நூலகங்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் "ஃபேஸ்புக்கில் பக்கம் தொடங்குங்கள், புது நூல் வரவைப் போடுங்கள், விடுமுறை நாளை அறிவியுங்கள்" என்றுதான் ஆலோசனை கிடைக்கும். அதெல்லாம் வாசலில் மாட்டிய கரும்பலகையைக் கணினிக்கு மாற்றிய மாதிரிதான். 2008-இல் பிளிக்கரில் நடந்தது அதிலிருந்து வேறுபட்டது. அதைப் புரிந்துகொள்ள முதலில் அந்தப் படங்களின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏற்றப்பட்டவை இரண்டு தொகுப்புகளைச் சேர்ந்தவை. ஒன்று, 1939 முதல் 1944 வரை அமெரிக்க அரசுத் துறைகளுக்காக எடுக்கப்பட்ட வண்ணப் படங்கள். ஜாக் டெலானோ, ரஸ்ஸல் லீ, மேரியன் போஸ்ட் வோல்காட், ஆல்ஃபிரட் பால்மர் போன்றவர்கள் எடுத்தவை. கிராமத்துச் சந்தைகள், ரயில்வே யார்டுகள், போர் விமானத் தொழிற்சாலையில் டிரில்லிங் மெஷினோடு நிற்கும் பெண்கள் என்று கறுப்பு வெள்ளையிலேயே பார்த்துப் பழகிய ஒரு காலம் திடீரென்று வண்ணத்தில் தெரிந்தது. இவற்றுக்கு ஓரளவு நல்ல குறிப்புகள் இருந்தன.

சிக்கல் இரண்டாவது தொகுப்பில்தான். ஜார்ஜ் கிரந்தம் பெய்ன் என்பவர் 1898-இல் நியூயார்க்கில் ஒரு செய்திப்பட நிறுவனம் தொடங்கினார். பத்திரிகைகளுக்குப் புகைப்படம் விற்பது தொழில். 1908-இல் அவரது அலுவலகம் தீப்பிடித்து அதற்கு முந்தைய படங்களில் பெரும்பகுதி அழிந்தது. மிஞ்சியவையும் அதற்குப் பின் எடுக்கப்பட்டவையுமாகச் சுமார் 40,000 கண்ணாடி நெகட்டிவ்கள் 1948-இல் காங்கிரஸ் நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. டைட்டானிக்கில் தப்பித்தவர்கள், வாக்குரிமைக்காக நடைபயணம் போன பெண்கள், பேஸ்பால் வீரர்கள், குத்துச்சண்டைக்காரர்கள், கப்பலில் வந்து இறங்கும் பிரபுக்கள் என்று 1910-களின் நியூயார்க்கே அதில் இருந்தது. ஆனால் பெயர்? பத்திரிகை வேலையில் அவசரம்தான் முதலாளி. நெகட்டிவ்களின் மேலேயே யாரோ கையால் ஒரு சொல், இரண்டு சொல் கிறுக்கி வைத்திருந்தார்கள். வெறும் குடும்பப் பெயர் மட்டும், சில சமயம் அதுவும் எழுத்துப் பிழையோடு. அன்றைக்கு அந்த ஒரு சொல் போதும், ஏனென்றால் அன்றைய பேப்பர் படிக்கிற எல்லாருக்கும் ஆளைத் தெரியும். நூறு வருடம் கழித்து? நூலகம் அந்தக் கிறுக்கலை அப்படியே தன் பட்டியலில் ஏற்றிவிட்டு, இது சரிபார்க்கப்படாத தகவல் என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் போட்டு வைத்தது. நேர்மையான குறிப்பு. ஆனால் 40,000 நெகட்டிவ்களையும் உட்கார்ந்து ஆராய எந்த நூலகத்திடம் ஆள் இருக்கிறது?

வாசகரோடு நூலகர் பழக வேண்டும் என்பது ஒன்றும் இணையம் கண்டுபிடித்த சங்கதி இல்லை. 1876-இல் பிலடெல்பியாவில் அமெரிக்க நூலகச் சங்கம் உருவான அந்த மாநாட்டிலேயே, வூஸ்டர் நகர நூலகரான சாமுவேல் ஸ்வெட் கிரீன் இதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். பொருள் வாங்காமல் வாடிக்கையாளர் திரும்பிப் போவதைக் கடைக்காரர் எப்படி விரும்பமாட்டாரோ, அப்படியே பதில் கிடைக்காமல் வாசகர் திரும்புவதை நூலகரும் விரும்பக்கூடாது என்பது அவர் வாதம். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் ஒருவர் இருக்கிறார், அவரைத் தேடிப் பிடிப்பது நூலகத்தின் வேலை என்கிறது. பெய்ன் தொகுப்புக்கு இந்த விதி அப்படியே பொருந்தும். ஒவ்வொரு படத்துக்கும் அதை அடையாளம் சொல்லக்கூடிய ஒருவர் எங்கோ இருக்கிறார். அவர் வாஷிங்டனுக்கு வந்து வாசிப்பறையில் உட்காரப் போவதில்லை, அவ்வளவுதான்.

இருந்தாலும் கிரீனின் கடையிலும் சரி, ரங்கநாதனின் விதியிலும் சரி, சரக்கு நூலகத்திடம் இருக்கிறது, வாசகர் வாங்கிக்கொண்டு போகிறார். 2005 வாக்கில் மைக்கேல் கேசி என்ற அமெரிக்க நூலகர் தன் வலைப்பதிவில் "நூலகம் 2.0" என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். வாசகரும் பங்களிப்பவராக வேண்டும் என்று அப்போது நிறையப் பேசப்பட்டது. பேச்சு அதிகம், காரியம் குறைவு. பிளிக்கர் முயற்சியில்தான் அது பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்டது என்று சொல்லலாம்.

தொடங்குவதற்கு முன்பே ஒரு சட்டச் சிக்கல் வந்தது. பிளிக்கரில் படம் ஏற்றுபவர் "எல்லா உரிமையும் என்னுடையது" என்று சொல்லலாம், அல்லது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டுக்கும் ஏற்றுபவரிடம் காப்புரிமை இருக்க வேண்டும். நூலகத்திடம் நெகட்டிவ் இருந்ததே தவிர காப்புரிமை இல்லை. இல்லாத உரிமையை எப்படி விட்டுக்கொடுப்பது? கடைசியில் பிளிக்கர் இதற்கென்றே ஒரு புது வகையை உருவாக்கியது: இந்தப் படத்துக்குக் காப்புரிமைத் தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. உரிமையே இல்லை என்று அடித்துச் சொல்லாமல், தெரிந்தவரையில் இல்லை என்று சொல்லும் வாசகம். இந்த ஒற்றை வரியை நம்பித்தான் பின்னால் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களும் அருங்காட்சியகங்களும் காப்பகங்களும் வந்து சேர்ந்தன. பிளிக்கர் பக்கத்தில் இதை முன்னின்று நடத்தியவர் ஜார்ஜ் ஓட்ஸ் என்ற பெண்மணி. திட்டத்துக்கு வைத்த பெயர் "தி காமன்ஸ்". ஊர்ப் பொதுநிலத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்.

நூலகத்துக்குள்ளே வேறு பயங்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்டால் ஆபாசமாக எழுதமாட்டார்களா? அரசு நூலகத்தின் பெயருக்குக் களங்கம் வராதா? தவறான தகவலைக் கொட்டி இருப்பதையும் குழப்பிவிட்டால்? நியாயமான பயங்கள்தான். பின்னூட்டப் பெட்டியைத் திறந்து வைத்த எந்த வலைப்பதிவரைக் கேட்டாலும் சொல்வார்.

நடந்தது என்ன? முதல் 24 மணி நேரத்தில் மட்டும் 11 இலட்சம் பார்வைகள். அக்டோபர் வரையிலான கணக்கை வைத்து நூலகம் ஒரு அறிக்கை வெளியிட்டது. அதற்குள் படங்கள் 4,615 ஆகியிருந்தன, ஏனென்றால் வாரத்துக்கு 50 பெய்ன் படங்கள் வீதம் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். பார்வைகள் 1.04 கோடி. 2,873 படங்களுக்கு 7,166 பின்னூட்டங்கள். குறிச்சொற்கள் 67,176. ஒரு குறிச்சொல்கூட இல்லாத படம் என்று பார்த்தால் எழுபதுகூடத் தேறாது. பயந்த ஆபாசம்? நீக்க வேண்டி வந்தவை 25-க்கும் குறைவு!

இந்த எண்களில் மயங்க வேண்டியதில்லை. பார்வைகள் ஒரு வாரத்துச் செய்தியால்கூட ஏறும். அறுபத்தேழாயிரம் குறிச்சொற்களில் "தொப்பி", "மீசை", "சிவப்பு" என்று படத்தைப் பார்த்தாலே தெரிகிற விஷயங்களும் ஏராளம். தேடலுக்கு அவை உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் புது அறிவு என்று எதுவும் அதில் இல்லை. உண்மையான விளைச்சல் பின்னூட்டங்களில் இருந்தது. அதுவும் எல்லாரிடமிருந்தும் அல்ல. திரும்பத் திரும்ப வந்து துப்பறிந்த ஒரு சிறு கூட்டத்திடமிருந்து.

அவர்கள் வேலை செய்த விதம் சுவாரசியமானது. கண்ணாடியில் ஒரு குடும்பப் பெயரும் ஒரு கப்பலின் பெயரும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கப்பல் எப்போதெல்லாம் நியூயார்க் வந்தது, அதில் அந்தப் பெயருள்ளவர் யார் என்று ஒருவர் பழைய செய்தித்தாளில் தேடுவார். இன்னொருவர் அந்த நபரின் வேறொரு படத்தைக் கொண்டுவந்து ஒப்பிடுவார். மூன்றாமவர் வந்து, அந்த வருடம் அவர் தாடி வைத்திருக்கவில்லையே என்று ஆட்சேபிப்பார். பேஸ்பால் ரசிகர்கள் தனி ரகம். வீரரின் சட்டையில் உள்ள எழுத்து, காலுறையின் பட்டை, பின்னால் தெரியும் மைதானச் சுவர் ஆகியவற்றை வைத்தே எந்த அணி, எந்த வருட ஆட்டம் என்று சொல்லிவிடுவார்கள். அணிகள் சீருடையை அடிக்கடி மாற்றும் பழக்கம் இங்கே ஆய்வுக் கருவியாகிவிட்டது. நூலகத்தில் சம்பளம் வாங்கும் ஒரு பட்டியலாளர் இதையெல்லாம் கற்றுக்கொள்ள ஆயுள் போதாது.

இதெல்லாம் 2008-இல் நடந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பலர் அதைச் சொல்வதில்லை. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2007 செப்டம்பரில்தான் 1851 முதல் 1922 வரையான தன் பழைய இதழ்களை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. பெய்ன் படங்களின் காலமும் ஊரும் அதேதான். அதே 2007 மார்ச்சில் காங்கிரஸ் நூலகமே பழைய அமெரிக்கச் செய்தித்தாள்களைத் தேடும் தளம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. பூட்டும் சாவியும் சில மாத இடைவெளியில் ஒரே தெருவுக்கு வந்து சேர்ந்த மாதிரி. ஐந்து வருடம் முன்னால் இதே படங்களைப் போட்டிருந்தால் "அழகான படம்" என்ற பின்னூட்டங்களோடு கதை முடிந்திருக்கும்.

அரசுத் துறைத் தொகுப்பிலோ வேறு மாதிரி நினைவுகள் வந்தன. மாசச்சூசெட்ஸின் பிராக்டன் ஊரில், ஒரு தெருமுனையில் இருந்த "சில்வியா ஸ்வீட்ஸ்" தேநீர்க் கடையை ஜாக் டெலானோ படம் எடுத்திருந்தார். குறிப்பில் தெருவின் பெயரும் ஊரின் பெயரும் மட்டும். பின்னூட்டங்களிலோ, அந்த ஊர் நினைவுகளும் கடையை நடத்திய குடும்பத்தைப் பற்றிய தகவல்களும் சேர்ந்துகொண்டே போயின. எந்தப் புத்தகத்திலும் வராத வரலாறு இது. 1940-களில் குழந்தையாக இருந்தவர்களுக்கு 2008-இல் எழுபது வயது தாண்டியிருக்கும். இன்னும் இருபது வருடம் காத்திருந்தால் கேட்க ஆள் இருந்திருக்காது.

எல்லாவற்றையும் விட முக்கியமான காரியத்தை நூலகம் செய்தது இதற்குப் பிறகுதான். பின்னூட்டத்தில் வந்த தகவலைப் பணியாளர்கள் எடுத்துச் சரிபார்த்து, சரியாக இருந்தால் நூலகத்தின் சொந்தப் பட்டியலிலேயே திருத்தம் செய்தார்கள். முதல் ஒன்பது மாதங்களில் அப்படி 500-க்கும் மேற்பட்ட பதிவுகள் திருந்தின. திருத்தத்தின் பக்கத்தில், இந்தத் தகவல் 2008-ஆம் ஆண்டின் பிளிக்கர் காமன்ஸ் திட்டத்திலிருந்து கிடைத்தது என்று ஆதாரமும் எழுதினார்கள். ஒரு தேசிய நூலகத்தின் பட்டியலில், பேராசிரியர்களின் நூல்களை ஆதாரமாகக் காட்டும் அதே இடத்தில், பெயர் தெரியாத இணையவாசிகள் ஏறிவிட்டார்கள்! துப்பறிந்தவர்களை மீண்டும் மீண்டும் வரவைத்தது "லைக்" எண்ணிக்கை அல்ல, இந்த ஒரு வரிதான் என்றே தோன்றுகிறது. தான் சொன்னதை ஒருவர் படித்தார், சோதித்தார், ஏற்றுக்கொண்டார் என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி கிடையாது.

இதற்கு உழைப்பு வேண்டும். பின்னூட்டங்களைத் தினமும் படிக்க ஆள், பதில் சொல்ல ஆள், சரிபார்க்க ஆள். "சமூக வலைத்தளம் செலவில்லாத விளம்பரம்" என்று சொல்பவர்கள் இந்த மணிநேரங்களைக் கணக்கில் எடுப்பதே இல்லை. படத்தைப் போட்டுவிட்டுப் பதிலே சொல்லாத நிறுவனங்களின் பக்கங்கள், விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்ட வீடு மாதிரிதான் ஆகும். அயர்லாந்து தேசிய நூலகம் இதை நன்றாகப் புரிந்துகொண்டது. 2011-இல் காமன்ஸில் சேர்ந்த அது, படத்தோடு ஒரு கேள்வியையும் போட்டு, வருபவர்களோடு பெயர் சொல்லிப் பேசும் பழக்கத்தை ஏற்படுத்தியது. அங்கே 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் இணையத்தில் இலவசமாக இருப்பதால், கடைப் பலகையில் தெரியும் ஒரு பெயரை வைத்தே குடும்பம் முழுவதையும் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

பிரிட்டிஷ் நூலகம் 2013 டிசம்பரில் பத்து இலட்சம் படங்களை ஒரே மூச்சில் ஏற்றியது. 17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரையான புத்தகப் பக்கங்களிலிருந்து கணினி தானாக வெட்டியெடுத்தவை. எந்தப் புத்தகம், எத்தனையாவது பக்கம் என்று நூலகத்துக்குத் தெரியும். படத்தில் இருப்பது வரைபடமா, பூவா, ராஜாவா என்பது தெரியாது. ஆர்வலர்கள் அவற்றிலிருந்து 50,000-க்கும் மேற்பட்ட வரைபடங்களைப் பொறுக்கியெடுத்துக் கொடுத்தார்கள்.

காங்கிரஸ் நூலகத்தின் அடுத்த சமூக வலைத்தள முயற்சி இதற்கு நேர் எதிர்ப் பாடம். 2010 ஏப்ரல் 14 அன்று, ட்விட்டரில் 2006 முதல் வெளியான எல்லாப் பொதுப் பதிவுகளையும் சேமிக்கப் போவதாக நூலகம் அறிவித்தது. அறிவித்ததும் ட்விட்டரிலேயே! கைதட்டல் பலமாக இருந்தது. 2011 தொடக்கத்தில் நாளுக்கு 14 கோடியாக இருந்த பதிவுகள் 2012 அக்டோபரில் கிட்டத்தட்ட 50 கோடி ஆயின. 2013 ஜனவரியில் நூலகத்திடம் சுமார் 17,000 கோடி பதிவுகள் சேர்ந்திருந்தன. 400-க்கும் அருகில் ஆய்வாளர்கள் அனுமதி கேட்டுக் காத்திருந்தார்கள். ஆனால் முதல் நான்கு வருடப் பதிவுகளில் ஒரே ஒரு தேடலுக்கே 24 மணி நேரம் ஆகலாம் என்ற நிலை. 2017 டிசம்பரில், 2018 ஜனவரி 1 முதல் தேர்ந்தெடுத்த பதிவுகளை மட்டுமே சேர்ப்போம் என்றும், சேர்த்தவற்றை இப்போதைக்குத் திறக்கப் போவதில்லை என்றும் நூலகம் அறிவித்தது. பிளிக்கரில் நாலாயிரத்துச் சொச்சம் படங்களும் பேச ஆட்களும் இருந்தார்கள். இங்கே பல ஆயிரம் கோடிப் பதிவுகள் இருந்தன, அவற்றைப் பார்க்க ஒரு வாசகர்கூட இல்லை.

இன்னொரு கவலையும் இருந்தது. பிளிக்கர் நூலகத்தின் சொந்த இடமல்ல. 2005-இல் அதை வாங்கியிருந்த யாகூ, 2008 டிசம்பரில் நடத்திய ஆட்குறைப்பில் ஜார்ஜ் ஓட்ஸையும் வேலையை விட்டு நீக்கியது. காமன்ஸ் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2018 ஏப்ரலில் பிளிக்கரை ஸ்மக்மக் நிறுவனம் வாங்கியது. அந்த நவம்பரில், இலவசக் கணக்குகளுக்கு 1,000 படம்தான் வரம்பு, மீறியவை நீக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தபோது நூலகங்களுக்கெல்லாம் ஒரு கணம் வயிற்றைக் கலக்கியிருக்கும். காமன்ஸ் படங்களுக்கு விலக்கு கிடைத்தது. அதே 2018 அக்டோபரில் காங்கிரஸ் நூலகம் பழைய கையெழுத்துக் கடிதங்களைப் பொதுமக்கள் படித்துத் தட்டச்சு செய்யும் திட்டத்தைத் தொடங்கியது, இந்த முறை தன் சொந்தத் தளத்தில், சொந்த மென்பொருளில்.

சொந்த இடம் என்றால் மட்டும் பத்திரமா என்று கேட்டால், அதுவும் இல்லை. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் மீது தாக்குதல் நடந்து, அதன் இணையப் பட்டியல் மாதக்கணக்கில் முடங்கியது. பிளிக்கரில் இருந்த பத்து இலட்சம் படங்களுக்கு அந்தத் தாக்குதல் எட்டவில்லை.

2022-இல் பிளிக்கர் ஃபவுண்டேஷன் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு உருவானது. அதன் தலைமைக்கு வந்தவர், 2008-இல் வேலையிழந்த அதே ஜார்ஜ் ஓட்ஸ். நூறு வருடத்துக்குப் படங்களைக் காப்பாற்றுவது அதன் நோக்கம். அவர்கள் எடுத்துக்கொண்ட வேலைகளில் ஒன்றின் பெயர் "டேட்டா லைஃப்போட்". தளம் ஒருநாள் மூழ்கினாலும் கரையேறும்படி, படத்தை அதன் குறிச்சொற்களோடும் பின்னூட்டங்களோடும் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டி வெளியே எடுப்பதற்கான வழி அது. பெய்னின் கண்ணாடி நெகட்டிவ்கள் வாஷிங்டனில் எப்படியும் இருக்கும். சீருடைக் காலுறையை வைத்து வருடம் சொன்ன பேஸ்பால் ரசிகரின் பின்னூட்டத்துக்குத்தான் படகு தேவைப்படுகிறது.